தபால்தலை சைஸ்ல ஒரு திரை!



ராத்திரி பதினொன்றரை மணி. ஹாஸ்டல் ரூம். காலையில ப்ராஜெக்ட் ரிவ்யூ. மூணு வாரமா கண் முழிச்சு எழுதின புரோகிராம் எல்லாம், உங்க விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள்ள விர்ச்சுவல் மெஷினா போட்டு வெச்சிருக்கிற உபுன்டுவுல இருக்கு. கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம்னு ஆன் பண்றீங்க. பெரிய மானிட்டர் நடுவுல தபால்தலை சைஸ்ல ஒரு திரை! இழுத்தா சுத்தி வெறும் இடம்தான் வளருது, படம் வளரலை. டென்ஷன்ல எதையெதையோ மாத்தினதுல அதுவும் போய் இப்போ கன்னங்கரேல்னு இருட்டு. பக்கத்து ரூம் நண்பர் எட்டிப் பார்த்துட்டு தீர்ப்பு சொல்றார்: ''ஊத்திக்கிச்சு மச்சி. டெலீட் பண்ணிட்டுப் புதுசா போடு!''

முதல் வேலையா, அந்த நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க. கெட்டுப் போனது ஜன்னல்தான், வீடு இல்லை. உள்ளே உங்க புரோகிராம் பத்திரமா இருக்கு. நம்பிக்கை இல்லையா? வாங்க பார்ப்போம்.

உயிர் இருக்கா?

விர்ச்சுவல்பாக்ஸ்ல வலது பக்க கன்ட்ரோல் கீதான் மந்திரக்கோல். அதுக்குப் பேர் ஹோஸ்ட் கீ. (சில லேப்டாப்ல வலது கன்ட்ரோலே இருக்காது. பிரிஃபரென்சஸ்ல இன்புட் பகுதிக்குப் போய் வேற கீயை வெச்சுக்கலாம்.) திரை இருட்டா இருக்கும்போது அதை அழுத்திக்கிட்டே எஃப்3 தட்டுங்க. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துல 'லாகின்'னு கேட்டா, பேஷன்ட் பிழைச்சாச்சு! பேரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய் உங்க ஃபைல்களைக் கண்ணால பார்த்துக்கலாம். திரும்பி வர அதே கீயோட எஃப்2 அல்லது எஃப்1.

இப்போ மூச்சு வந்துடுச்சா? சரி, ஏன் இப்படி ஆச்சுன்னு பார்ப்போம்.

மேட்டர் இதுதான்!

நிஜ கம்ப்யூட்டர்ல ஒயரைச் செருகினதுமே, 'நான் இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம்'னு மானிட்டரே தன் ஜாதகத்தைச் சொல்லிடும். விர்ச்சுவல் மெஷினுக்கு நிஜ மானிட்டர் கிடையாது. அது மெமரியில ஒரு ஓரமா உட்கார்ந்து படம் வரையுது. அந்தப் படத்தை எடுத்து வந்து ஜன்னல்ல ஒட்டிக் காட்டறது விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் மாதிரி சாஃப்ட்வேர்களோட வேலை. வெளியே நீங்க ஜன்னலை இழுத்துப் பெருசாக்கினா, உள்ளே இருக்கிற உபுன்டுவுக்கு அது எப்படித் தெரியும்? யாராவது தூது போய்ச் சொல்லணும். தூதர் இல்லைன்னா, அது பாட்டுக்கு 800 × 600லயே வரைஞ்சுக்கிட்டு இருக்கும். தபால்தலை ரகசியம் இவ்வளவுதான்!

தூதரை அனுப்புங்க

அந்தத் தூதர் பேர் கெஸ்ட் அடிஷன்ஸ். விர்ச்சுவல்பாக்ஸ்ல டிவைசஸ் மெனுவுல 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்'னு கடைசியில இருக்கும். அதை கிளிக் பண்ணி, உள்ளே வர்ற சிடியில இருந்து இன்ஸ்டால் பண்ணுங்க. உபுன்டுன்னா அதுக்கு முன்னாடியே ஜிசிசி, மேக், பெர்ல், கெர்னல் ஹெடர்ஸ் எல்லாம் உள்ளே இருக்கணும். இல்லைன்னா பாதியில முறைச்சுக்கும். முடிஞ்சதும் ரீஸ்டார்ட் பண்ணிட்டு, வியூ மெனுவுல 'ஆட்டோ-ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே' டிக் ஆகியிருக்கான்னு பாருங்க. இப்போ ஜன்னலை இழுங்க... படமும் கூடவே வரும்!

விஎம்வேர் ஆட்களுக்கு அதே வேலையைச் செய்யறது விஎம்வேர் டூல்ஸ். லினக்ஸ்னா ஓப்பன் விஎம் டூல்ஸ். அதுல 'டெஸ்க்டாப்'னு முடியற பேக்கேஜையும் சேர்த்துப் போட்டாதான் ஜன்னல் வளரும். (விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர்ல எல்லாருக்கும் இலவசமாச்சு, தெரியும்தானே?)

'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு'ன்னு புலம்பறவங்களுக்கு ஒரு கேள்வி: நடுவுல உபுன்டுவை அப்டேட் பண்ணினீங்களா? கெர்னல் மாறினா பழைய தூதருக்குப் புது வீட்டு அட்ரஸ் தெரியாமப் போகலாம். கெஸ்ட் அடிஷன்ஸை மறுபடி ஒருதரம் இன்ஸ்டால் பண்ணுங்க, போதும்.

எந்த கார்டு, எவ்வளவு மெமரி?

தூதர் இருந்தும் மக்கர் பண்ணினா, மெஷின் செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே பகுதிக்குப் போங்க. எல்லாம் மங்கலா இருந்து கைக்கு மாட்டலையா? மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு, இல்லைன்னா 'சேவ்' பண்ணி வெச்சிருக்கீங்க. வலது கன்ட்ரோலோட எச் தட்டினா ஒழுங்கா ஷட்டவுன் ஆகும். அப்புறம் மாத்துங்க.

கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர்ல உள்ளே லினக்ஸ்னா விஎம்எஸ்விஜிஏ, புது விண்டோஸ்னா விபாக்ஸ்எஸ்விஜிஏ. பழைய பாடத்தைப் பார்த்து வேற எதையாவது வெச்சிருந்தா திரை அடம் பிடிக்கும்.

அடுத்தது வீடியோ மெமரி. சின்னக் கணக்கு போடுவோமா? 1920 × 1080 திரையில ஒரு புள்ளிக்கு 4 பைட். பெருக்கினா ஏறக்குறைய 8 எம்பி. 4கே மானிட்டர்னா 3840 × 2160, ஏறக்குறைய 32 எம்பி. செட்டிங்ஸ்ல 16 எம்பி வெச்சுக்கிட்டு 4கே கேட்டா எங்கே போறது? தாராளமா 128 எம்பிக்குத் தள்ளிடுங்க.

இருட்டுத் திரைக்கு முதல் சந்தேகக் கேஸ், '3டி ஆக்சிலரேஷன்'. ஸ்பீடு வரும்னு டிக் பண்ணிட்டு இருட்டுல உட்கார்ந்திருக்கிற கூட்டம் நிறைய. டிக்கை எடுத்துட்டு ஒருதரம் ஆன் பண்ணிப் பாருங்க.

மெனுவைக் காணோமா?

'மெனு பாரே இல்லை, சாஃப்ட்வேர் கரப்ட் ஆகிடுச்சு'ன்னு பதறாதீங்க. வலது கன்ட்ரோலோட சி பட்டிருக்கும். அது ஸ்கேல்டு மோடு. எஃப்னா ஃபுல் ஸ்க்ரீன். எல்னா சீம்லெஸ் மோடு, அதாவது உபுன்டு ஜன்னல்களும் விண்டோஸ் ஜன்னல்களும் ஒரே டெஸ்க்டாப்ல கலந்து நிக்கும். எந்த கீயால போனீங்களோ, அதே கீயால திரும்பலாம். விஎம்வேர்ல ஃபுல் ஸ்க்ரீனுக்கு கன்ட்ரோல், ஆல்ட், என்டர்.

எழுத்து மட்டும் எறும்பு சைஸ்ல இருந்தா, உங்க மானிட்டர் ரொம்ப நெருக்கமான புள்ளிகள் உள்ளது. வியூ மெனுவுல விர்ச்சுவல் ஸ்க்ரீன் 1ல போய் 150 அல்லது 200 சதவீதம் கொடுங்க.

உபுன்டு இன்ஸ்டால் பண்ணும்போதே 'நெக்ஸ்ட்' பட்டன் திரைக்குக் கீழே ஒளிஞ்சுக்கிச்சா? ஆல்ட், எஃப்7 அழுத்தி அம்புக்குறி கீயால ஜன்னலை மேலே தூக்குங்க. பட்டன் தலைகாட்டும்.

கடைசியா ஒரு சத்தியம்!

இதுல எதையும் தொடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பேன்னு எனக்கு சத்தியம் பண்ணுங்க. மெஷின் ஓடும்போதே வலது கன்ட்ரோலோட டி, ஒரு பேர், ஓகே. அவ்வளவுதான். எது சொதப்பினாலும் அந்த நிமிஷத்துக்குத் திரும்பிடலாம். ஆனா ஸ்னாப்ஷாட்டும் அதே ஹார்ட் டிஸ்க்லதான் இருக்கு. அதனால புரோகிராமை பென் டிரைவ்லயும் ஒரு காப்பி வெச்சுக்கோங்க.

அப்புறம், மெஷினை 'ரிமூவ்' பண்ணும்போது விர்ச்சுவல்பாக்ஸ் ரெண்டு வழி காட்டும். ஒண்ணு, லிஸ்ட்ல இருந்து மட்டும் எடுக்கறது. இன்னொண்ணு, 'டெலீட் ஆல் ஃபைல்ஸ்'. ராத்திரி பதினொன்றரைக்குத் தூக்கக் கலக்கத்துல அந்த ரெண்டாவதை அழுத்தினவங்க, காலையில கைடு முன்னாடி என்ன சொல்லணும்னு ஒத்திகை பார்க்க வேண்டியதுதான்.

திரை இருட்டா இருந்தா உள்ளே எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்லை. ஜன்னலைத் துடைங்க, வீட்டை இடிக்காதீங்க. ரிவ்யூவுக்கு ஆல் தி பெஸ்ட்!

அடுத்த வாரம் பார்க்கலாம். வர்ட்டா!