அழுகையைத் தடுக்காத துதி

கிறிஸ்தவ வீடுகளில் சாவு விழுந்தால், ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “அழாதீங்கம்மா, ஸ்தோத்திரம் சொல்லுங்க.” அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தை பல நேரங்களில் துக்கத்தின் வாயைக் கட்டிவிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தேம்பினால்கூட, விசுவாசம் குறைவு என்ற பேச்சு கிளம்புகிறது. வேதாகமம் கற்றுத்தரும் துதி இதுவல்ல.

150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 88ஆம் சங்கீதம் ஆறுதலின் பக்கம் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் இறைமக்கள் பாடுவதற்கென்று எழுதப்பட்டதுதான். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த யோபு சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, அதன் பிறகே தரையில் விழுந்து தொழுதார். பின்னர் கடவுளோடு நெடுநேரம் வழக்காடவும் செய்தார். கடைசியில் கண்டனம் பெற்றவர்கள், அவருக்குப் பாடம் நடத்திய நண்பர்கள்.

வரலாற்றிலும் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள ஐலன்பர்க் நகரின் போதகர் மார்ட்டின் ரின்கார்ட். முப்பதாண்டுப் போர் நடந்த காலம். மதில் சூழ்ந்த ஊர் என்பதால் அகதிகள் அங்கே குவிந்தார்கள். கூடவே பஞ்சமும் வந்தது. 1637இல் கொள்ளைநோய் தாக்கியபோது மற்றப் போதகர்கள் இறந்தோ வெளியேறியோ போக, அடக்க ஆராதனைகள் எல்லாம் அவர் தலையில் விழுந்தன. சில நாள்களில் நாற்பது, ஐம்பது உடல்கள். மொத்தம் 4,000க்கும் அதிகமானவர்களை அவர் அடக்கம் செய்ததாகப் பதிவாகியிருக்கிறது. அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர்.

இன்று உலகமெங்கும் ஆலயங்களில் பாடப்படும் ‘நூன் டாங்கெட்’ என்ற நன்றிப் பாடல் இவர் எழுதியது. பாக், மெண்டல்சோன் போன்ற இசைமேதைகள் தங்கள் படைப்புகளில் அதை எடுத்தாண்டார்கள். நன்றி பாடிய அந்த மனிதர் வீட்டில் முடங்கிவிடவில்லை. பசித்தவர்களுக்குத் தம்மிடம் இருந்ததைப் பகிர்ந்தார். பின்னர் ஸ்வீடன் படை ஊரிடம் 30,000 தாலர் கப்பம் கேட்டபோது, தளபதியிடம் போய் மன்றாடினார். தொகை பெருமளவு குறைந்தது.

பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் பிலிப்பி சிறைச்சாலைச் சம்பவத்தையும் நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். பிரம்படி பட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள். பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. அதோடு ஆமென் சொல்லிவிடுகிறோம். விடிந்ததும் அதிகாரிகள் அவர்களைச் சத்தமில்லாமல் அனுப்பிவைக்கப் பார்த்தார்கள். பவுல் மறுத்துவிட்டார். விசாரணையின்றி ரோமக் குடிமக்களை எல்லார் முன்னும் அடித்தவர்கள், தாங்களே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். பயந்துபோன அதிகாரிகள் வந்து கெஞ்சினார்கள். இரவில் துதித்த அதே வாய்தான் காலையில் நியாயம் கேட்டது.

அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம் “துதித்துப் பொறுத்துக்கொள்” என்று ஆலோசனை சொல்லும் சபைப் பெரியவர்கள், அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைக் கடைசி வசனம்வரை வாசிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்காக ஜெபிக்கட்டும். காவல் நிலையத்துக்கு அவளோடு துணைக்கும் போகட்டும்.