விலை குறைந்தால் போதுமாம்!

2024 ஜூலையில் மூன்று தனியார் செல்போன் நிறுவனங்களும் கட்டணத்தைச் சேர்ந்தாற்போல் ஏற்றின. 11 முதல் 25 சதவீதம். ஏன் என்று கேட்டால், உலகிலேயே கட்டணம் குறைவான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று மத்திய அரசு பதில் சொன்னது. விலை மலிவு என்றால் சந்தை யார் கையில் இருந்தால் என்ன என்கிற இந்த நம்பிக்கை டீக்கடையிலிருந்து டில்லிவரை செல்லுபடியாகிறது. அதற்குப் படித்த பெயர், 'நுகர்வோர் நலன்'. ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் ஒரே குறிக்கோள் அதுதான் என்று 1978இல் எழுதியவர் ராபர்ட் போர்க் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர். அந்த நலக் கணக்கில் ஏகபோக முதலாளியின் லாபத்தையும் அவர் சேர்த்துக்கொண்டதுதான் வேடிக்கை. நம் பையில் இருந்த பத்து ரூபாய் முதலாளியின் பைக்குப் போனால் யாருக்கும் நஷ்டமில்லையாம்! இந்தக் கூத்துக்கு நலப் பொருளாதாரம் 1939இலேயே மேடை போட்டுவிட்டது. லாபம் பார்த்தவர் இழந்தவருக்கு ஈடுகட்ட முடிந்தால் போதும், கட்டவேண்டியதில்லை என்றார்கள் பொருளாதார அறிஞர்கள் கால்டரும் ஹிக்ஸும். இதுவரை யாரும் கட்டியதாகத் தெரியவில்லை.

உதாரணத்துக்கு, ஏர்செல் செல்போன் நிறுவனத்தைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக வந்தது. இலவசம் 2017 மார்ச்வரை நீண்டது. ஏர்டெல் கொடுத்த புகாரை, புதிதாக வந்தவருக்கு ஆதிக்கம் ஏது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2017 ஜூனில் முழு விசாரணை இல்லாமலே முடித்துவைத்தது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி, அடக்க விலைக்கும் கீழே விற்று மற்றவரை விரட்டுவதை ஆதிக்கம் உள்ளவர் செய்தால்தான் குற்றம். விரட்டி முடித்தவருக்கு அப்படி விற்க என்ன அவசியம்? 2018 பிப்ரவரியில், தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்த ஏர்செல் திவாலுக்கு மனுப் போட்டது. சிக்னல் போனது, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் வழியில்லாமல் சந்தாதாரர்கள் கடைகடையாக அலைந்தார்கள். ஏர்செல்லுக்குக் கடன் அதிகம், வழக்குகள் வேறு என்பார்கள். இருக்கட்டும். காய்ச்சல்காரன் முதலில் விழுந்தான் என்பது தள்ளிவிட்டதற்கு நியாயமா? டேட்டா மலிவானது உண்மைதானே என்று கேட்பார்கள். உண்மைதான், போட்டி போட ஆள் இருந்தவரை மலிவாக இருந்தது. ஏர்செல் போன பிறகு 2019 டிசம்பர், 2021 இறுதி, 2024 ஜூலை என்று மூன்று முறை ஏறிவிட்டது. பி.எஸ்.என்.எல். இருக்கிறதே என்று சொல்லிவிடாதீர்கள். தனியார் 4ஜியில் ஓடிக்கொண்டிருக்க, சொந்த நிறுவனத்துக்கு 4ஜி அலைக்கற்றையை ஒதுக்க 2019 அக்டோபர்வரை அரசுக்கு மனம் வரவில்லை. போட்டியைக் காப்பதாகச் சொல்லும் அரசு இது.

அடுத்த இலவச சிம்முக்கு வரிசையில் நிற்கும்போது ஏர்செல்லைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.