பார்த்துக்கொள்வதற்கும் பயிற்சி வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஓடிவிடாதீர்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவன் வெளிநாட்டிலிருந்து போன் செய்தான். "டீச்சர், அம்மாவைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். சமைக்கத் தெரிஞ்சா போதும்" என்றான். அம்மாவுக்குப் பக்கவாதம், நாலு மாதமாகப் படுக்கை. சமைக்கத் தெரிந்தால் எப்படியப்பா போதும்?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' எழுதச் சொல்லித்தர எனக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். பாடக்குறிப்பு எழுதி, கையெழுத்து வாங்கி, பின் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து கவனிக்க, பாடம் நடத்திக் காட்டிய பிறகுதான் சான்றிதழ். அசைய முடியாத ஒருவரின் உடம்பைக் கையாளப் போகிறவருக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

அதில் தெரிந்துகொள்ள வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் புண் வந்துவிடும். பவுடர் போட்டால் அது நிற்காது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதே சிரமம். படுத்தபடியே கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். மறதிநோய் உள்ளவர் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார். அதட்டினால் பயம் கூடும். பேச்சை மெல்ல வேறு பக்கம் திருப்ப வேண்டும். இதையெல்லாம் யார் சொல்லித்தருகிறார்கள்? ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் காகிதம் கொடுக்கிறார்கள், மாத்திரையைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஏஜென்சி மூலம் ஒரு பெண் வந்தார். பகலும் இரவும் அவர்தான், வாரத்தில் ஒருநாள்கூட லீவு இல்லை. வீட்டார் கொடுத்ததில் ஒரு பங்கு ஏஜென்சிக்குப் போயிற்று. மூன்றாம் மாதம் நின்றுவிட்டார். அடுத்து வந்தவர் கையால் அந்தப் பாட்டி வாயே திறக்கவில்லை. ஓடிப்போய்விட்டாள் என்று அந்தப் பெண்ணைத்தான் எல்லோரும் திட்டினார்கள். தூங்க விடாமல் வேலை வாங்கினால் யார்தான் நிற்பார்கள்?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. ஆனால் அவர்கள் வந்து போன பிறகு மிச்ச நேரம் முழுக்க வீட்டிலிருப்பவர் பாடுதான். பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் பணம் வாங்கித் தரலாம், புரட்டிப் படுக்க வைக்காது. ஜப்பானில் 2000-இலிருந்தே நாற்பது வயதானவர்கள் முதுமைப் பராமரிப்புக்கென்று தனிக் காப்பீடு கட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்தில் கோழிக்கோட்டில் அக்கம்பக்கத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்புகிறார்கள்.

நம் ஊரிலும் அரசு மருத்துவமனைகளில் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தரலாம். சம்பளமும் வார விடுமுறையும் எழுத்தில் இருக்க வேண்டும். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன், ஒருவரையாவது கட்டிலருகே நிறுத்திச் செய்து காட்டச் சொல்லி, சரியாகச் செய்த பிறகே அனுப்ப வேண்டும். அந்த ஒருவர் மருமகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மகன்களுக்கும் இரண்டு கை இருக்கிறது.

நர்ஸாக இருக்கும் என் மாணவிகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் ஒரு மணி நேரம் செய்து காட்டுகிறீர்களா? கட்டிலில் படுத்துக்கொள்ள நான் தயார். எந்த ஞாயிறு என்று கமெண்டில் எழுதுங்கள்.