ஜெயபுரத்தில் ஒரு தோட்டக் கழகம்

வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று வன்னி மக்களுக்கு எவரும் புத்தி சொல்லத் தேவையில்லை. கிணற்றடியில் வாழை, வேலியில் முருங்கை, கோடிப்புறத்தில் கத்தரியும் மிளகாயும் என்று, கையளவு நிலம் கிடைத்தாலும் நடுகின்ற மக்கள் நாம். ஜெயபுரம் போன்ற ஒரு கிராமத்தில் குறைவாக இருப்பது தோட்டம் அல்ல, தோட்டக்காரரின் கூட்டு. ஒவ்வொரு வளவும் தனியாக நடுகிறது, விதைக்குத் தனியாகக் கடைக்குப் போகிறது, மாடு புகுந்தால் தனியாக அழுகிறது. ஆகவே அங்கே ஒரு தோட்டக் கழகம் தொடங்கப்பட வேண்டும் என்கிறோம். அது காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் உள்ளோருக்கு மட்டுமான கழகமாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் தோட்டம் பற்றிப் பேசும்போது ஒரு தயக்கம் எழுவதை நாம் அறிவோம். "இது எங்கட காணியில்லையே, நட்டு என்ன பலன்?" என்பது ஒன்று. அதைவிட ஆழமான பயம் மற்றொன்று. இங்கே மரம் வைத்து வேரூன்றிவிட்டால், இனிப் பழைய காணி இவர்களுக்கு எதற்கு என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்பது. இப்பயத்தை வீண்பயம் என்று தள்ளிவிட முடியாது. 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவுக் குடும்பங்கள் தங்கள் சொந்த நிலத்துக்கு அனுப்பப்படவில்லை, வேறிடத்தில் இருத்தப்பட்டனர். 2017 இல் வீதியில் இருந்து போராடியே அவர்கள் நிலத்தின் ஒரு பகுதியையேனும் மீட்க வேண்டியிருந்தது. யுத்த காலத்தில் கைவிடப்பட்டுப் பற்றை மூடிய வயல்களை இது வனம் என்று திணைக்களங்கள் உரிமை கோரிய கதையும் வன்னிக்குப் புதிதல்ல.

இவ்விடத்தில் எரேமியா இறைவாக்கினரின் கடிதத்தை நினைவூட்டலாம். பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்ட தம் மக்களுக்கு அவர் எழுதியது 29 ஆம் அதிகாரத்தில் உள்ளது. அங்கேயே வீடு கட்டவும் தோட்டம் போட்டு அதன் விளைச்சலை உண்ணவும் அவர் சொன்னார். அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்பவர், இரண்டு வருடத்துக்குள் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கப் பார்க்கிறார். எமக்கும் அனனியாக்கள் பலர் வந்து போயினர். ஆனால் எரேமியாவின் கதை அதோடு முடியவில்லை. எருசலேம் முற்றுகையிடப்பட்டு, அவரே காவலில் இருந்த நாட்களில், ஆனதோத்து என்னும் சொந்த ஊரில் ஒரு வயலை விலைக்கு வாங்குகிறார். அந்த உறுதிப்பத்திரத்தை நெடுநாள் கெடாதிருக்க ஒரு மண்பாண்டத்தில் வைப்பிக்கிறார் (32 ஆம் அதிகாரம்). இருக்கிற இடத்தில் நடுவதும் பிறந்த இடத்தின் உறுதியைப் பேணுவதும் அவருக்கு ஒன்றையொன்று மறுக்கும் காரியங்களாகப் படவில்லை.

கழகமும் இந்த இரண்டையும் செய்யவேண்டும். அதன் கொப்பியின் முன்பக்கங்களில் யார் என்ன நட்டார் என்ற விபரம் இருக்கட்டும். பின்பக்கங்களில் ஒவ்வொரு குடும்பமும் விட்டுவந்த காணியின் விபரம் இருக்கட்டும்: எல்லைகள், கிணறு, எத்தனை தென்னை, எந்தப் பக்கத்தில் மாமரம், அயலவர் யார். யுத்தத்தின் பின் திரும்பிய பலர் தங்கள் வளவை அடையாளம் கண்டது கிணற்றையும் தென்னையையும் வைத்துத்தான். முதியவர்கள் உள்ளபோதே இதை எழுதி வைக்கவேண்டும்.

பிறர் காணியில் இருப்போர் சில வாரங்களில் பலன் தருவதை முதலில் நடலாம். முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் சட்டிக்கு வரும்; வெண்டியும் பயற்றையும் ஐம்பது நாள் அளவில் காய்க்கும். மரவள்ளிக்கு எட்டு மாதமாவது வேண்டும், ஆகவே காணிக்காரரிடம் ஒரு வருடத்துக்கு எழுத்தில் இணக்கம் பெற்ற பின்பே அதை ஊன்றவேண்டும். அந்த ஒரு துண்டுக் கடிதத்தை எழுதுவிக்கத் தனி ஒரு விதவைத் தாயால் முடியாமற் போகலாம். பத்துக் குடும்பங்களின் பெயரால் கேட்கும்போது காணிக்காரரும் இலகுவில் மறுக்கமாட்டார். தேசி, பலா, மா போன்றவற்றைப் பையில் கன்றாக வளர்த்து வைத்தால், போகும்போது கொண்டு போகலாம்.

எல்லாவற்றிலும் பெரியது விதை. பெரியவர்கள் பயற்றை விதையைச் சாம்பலில் பிரட்டி முட்டியில் இட்டு வாய்கட்டி வைத்தார்கள். வெண்டிக்காயைச் செடியிலேயே முற்றவிட்டு, அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிட்டார்கள். 1990 களில் பொருளாதாரத் தடையால் யூரியாவும் எரிபொருளும் வராதிருந்த வருடங்களில் இந்த முட்டிகளே வன்னியின் விதைக்கடை. இன்று பளபளக்கும் பைக்கற்றுகளில் வரும் கலப்பின விதை முதற்போகம் நன்றாகவே காய்க்கும். அதிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல வராது. அதனால் ஒவ்வொரு போகமும் காசு வேண்டும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே அடியாகத் தடைசெய்து, அதே வருடம் நவம்பரில் தடையை நீக்கியதற்குள், வெளியிலிருந்து வருவதை மட்டும் நம்பிய கமக்காரர் பட்ட பாட்டை எல்லாரும் கண்டோம்.

இந்தியாவில் தெலங்கானாவின் சகீராபாத் பகுதியில் டெக்கான் அபிவிருத்திச் சங்கத்தின் ஆதரவில் தலித் பெண்கள் கிராமந்தோறும் விதைக் களஞ்சியம் நடத்துகிறார்கள். விதையை வாங்கியவர் அறுவடையின் பின் காசாக அல்ல, விதையாகவே, வாங்கியதிலும் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்கிறார். எமக்கு ஏற்ற முறை இதுதான். இரண்டு சாடிகளோடு தொடங்கலாம். ஒரு சாடி ஒருவர் வீட்டில், மற்றது இன்னொருவர் வீட்டில் இருக்கட்டும்; ஒரு வீடு எரிந்தாலும் வெள்ளம் புகுந்தாலும் மற்றது தப்பும். பூசணி தேனீயால் கலந்துவிடும், விதைக்கென்று விடும் பூசணியை மற்றதிலிருந்து தள்ளி நடவேண்டும்.

தண்ணீர் பற்றி நீட்டத் தேவையில்லை. சித்திரைக்குப் பின் கிணறு இறங்கும், பூநகரிப் பக்கத்தில் உவர் ஏறும். குளிக்கும் தண்ணீரை வாழைக்குத் திருப்பவும், செடியடியில் மண்முட்டி புதைத்து நீர் ஊற்றவும், சருகால் மூடவும் எமது பெண்களுக்குத் தெரியும். கட்டாக்காலி மாட்டுக்கும் குரங்குக்கும் தனி வேலி போதாது. நான்கு வளவைச் சேர்த்து ஒரே வேலியாக அடைத்தால் கதியாலும் உழைப்பும் பாதியாகும்.

இனி ஓர் எச்சரிக்கை. கழகத்தை ஒரு திட்டத்தின் பிள்ளையாகப் பெறவேண்டாம். தோட்டம் அழிந்த பின்னும் நிமிர்ந்து நிற்கும் நன்கொடையாளர் பெயர்ப்பலகைகளை வன்னி வீதிகளில் போதுமளவு கண்டுவிட்டோம். விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் கேளுங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு இணைந்து செய்யுங்கள். தலைவர், செயலாளர் தெரிவு மெல்ல வரட்டும். முதலில் கொப்பியும் சாடியும் வைத்திருக்க நம்பிக்கையான இரு பெண்கள் போதும்.

மாரி மழை ஐப்பசியில் பிடிக்கும். புரட்டாதிக்குள் முதற் கூட்டம் நடக்கவேண்டும். வருபவர்கள் சந்தாக் காசு கொண்டுவர வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் விதையில் ஒரு பிடியும், அது எந்த ஊரிலிருந்து வந்த விதை என்ற விபரமும் கொண்டுவந்தால் போதும்.