சான்று வினாவும் நாமும்

சமூக அறிவியல் என்றாலே மனப்பாடப் பாடம் என்ற எண்ணம் நம் மாணவியரிடையே வேரூன்றிவிட்டது. ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் உருப்போட்டுத் தேர்வறையில் இறக்கி வைத்துவிட்டு வந்தால் போதும் என நினைக்கிறோம். இக்காலத் தேர்வுகள் அந்த எண்ணத்தை அசைத்துவிட்டன. 2022-23ஆம் கல்வியாண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் வினாத்தாளின் 80 மதிப்பெண்களில் 12ஐ, கொடுக்கப்பட்ட ஒரு பகுதியைப் படித்து விடையளிக்கும் வினாக்களுக்கே ஒதுக்கியது. "பாடத்தில் இல்லாததைக் கேட்டுவிட்டார்கள்" என்று முறையிடுவோர் உண்டு. என்னைக் கேட்டால், இவ்வினாக்கள் நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு என்பேன்.

சான்று என்பது எங்கோ தொலைவில் இருப்பதன்று. காட்டாங்குளத்தூர் வழியாகச் செல்லும் மின்ரயில் பல்லாவரத்திலும் நிற்கிறது. அந்தப் பல்லாவரத்தில்தான் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். வழிப்போக்கர் கண்ணுக்கு அது வெறுங்கல். கேள்வி கேட்டவர் கண்ணுக்கோ வரலாற்றுச் சான்று.

செங்கற்பட்டுக்கு அப்பால் உள்ள உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். குடவோலை முறையைப் படிக்காதவர் நம்மில் யார்? "சோழர் காலத்தில் மக்கள் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர்" என்று பலரும் எழுதுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளோ வேறு விதமாகச் சொல்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இது வாக்கெடுப்பு அன்று, திருவுளச்சீட்டு. கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். முதற்கல்வெட்டில் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டே ஆண்டுகளில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாறியது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்ற விதி நம்மை வியக்க வைக்கிறது. ஆனால் நிலமில்லாத உழவருக்கு அங்கே இடமுண்டா? நம்மைப் போன்ற பெண்களுக்கு இடமுண்டா? சான்று சொல்வதைக் காண்பதோடு, அது யாரைப் பற்றிப் பேசாமல் விடுகிறது என்று பார்ப்பதும் படிப்புதான்.

சரி, இத்தகைய வினாக்களுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது? முதலில் வினாக்களை வாசித்துவிட்டுப் பின்பு பகுதியைப் படிக்க வேண்டும். அதை யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்று பார்க்க வேண்டும். அரசன் வெட்டுவித்த மெய்க்கீர்த்தியும், புதுவையில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பும் ஒரே குரலில் பேசா. "பகுதியிலிருந்து" என்று கேட்டால் பகுதியில் உள்ளதையே எழுத வேண்டும். "காரணம் கூறுக" என்றால் நாம் கற்றதையும் சேர்க்க வேண்டும். ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஒரு பக்கம் எழுதுவது வீண் உழைப்பு.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். துணைநூல்களை அடுக்கடுக்காக வாங்கித் தருவதைவிட, நாளிதழில் ஒரு செய்தியைப் படிக்கச் செய்து "இதை எப்படி நம்புவது?" என்று பிள்ளையைக் கேளுங்கள். கைப்பேசியில் வரும் ஒவ்வொரு செய்தியையும் உண்மையென்று பிறருக்கு அனுப்பிவிடும் இந்நாளில், அந்தக் கேள்வி தேர்வுக்கு அப்பாலும் துணை நிற்கும். ஆசிரியைகளும் அருட்சகோதரிகளும் ஆண்டுச் சுற்றுலாவுக்கு ஒருமுறை உத்திரமேரூரைத் தேர்ந்தெடுத்தால், காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். கற்சுவரில் உள்ள எழுத்தை ஒருமுறை நேரில் கண்டவள் அதை மறப்பாளா?

தோழியரே, மனப்பாடம் செய்த விடை தேர்வு முடிந்ததும் நம்மை விட்டுப் போய்விடும். படித்து, ஆராய்ந்து, "இதற்குச் சான்று என்ன?" என்று கேட்கும் பழக்கமோ வாழ்நாள் முழுதும் நம்மோடு வரும். நாளை வாக்குச் சாவடியில் நிற்கப்போகும் நமக்கு அப்பழக்கம் மிகத் தேவை. அதை இன்றே தொடங்குவோம்.