சிறிய மின்சார ஜீப்களில் மூன்றாம் வரிசை வேண்டுமா?

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைச் சந்திக்கு வரும் வீதியில், பெருநாளை அண்டிய தினங்களில் செல்கின்ற கார்களைச் சற்று நேரம் அவதானித்தால் ஓர் உண்மை புலப்படும். ஐவருக்கென ஆக்கப்பட்ட காரில் ஐவர் மாத்திரம் பயணிப்பது அரிதிலும் அரிது. முன்னால் வாப்பாவின் மடியில் ஒரு பிள்ளை. பின்னால் உம்மா, மூத்தம்மா, சாச்சி. அவர்களது மடிகளில் மேலும் இருவர். காரில் ஆசனம் போதாது என்பதற்காக எவரையும் வீட்டில் விட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆசனம் இல்லாதவருக்கு ஆசனப்பட்டியும் இல்லை என்பதே இதன் விளைவாகும்.

இதனை இப்பொழுது எழுத நேர்ந்ததற்குக் காரணமுண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் நாட்டுக்குள் வந்தவற்றில் மின்சார வாகனங்கள் கவனத்தை ஈர்க்கும் இடத்தைப் பிடித்துள்ளன. நம் ஊர்களில் 'ஜீப்' என்றே அழைக்கப்படும் சிறிய ரக எஸ்.யூ.வி.க்களே அவற்றுள் அதிகம் விரும்பப்படுகின்றன. ஆனால், இவற்றில் பெரும்பாலானவை ஐந்து ஆசனங்களை மட்டுமே கொண்டவை. இத்தகைய சிறிய வாகனங்களுக்கும் மூன்றாம் வரிசை ஆசனம் தேவைதானா என்பது மேலை நாடுகளில் வசதி பற்றிய விவாதமாக இருக்கலாம். அம்பாறைக் கரையோரத்தில் அது வேறொரு விடயமாகும்.

கிழக்கின் தமிழ், முஸ்லிம் சமூகங்களில் திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியமர்வதே நெடுங்கால வழக்கம். மகளுக்கு வீடு கொடுப்பதும், அவ்வீட்டின் ஓரத்திலோ அயல் வளவிலோ பெற்றோர் வாழ்வதும் அதனுடன் இணைந்தவை. எனவே ஒரு வளவில் மூன்று தலைமுறையினர் இருப்பது இங்கு விதிவிலக்கன்று. வைத்தியரைக் காணக் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்வதாயினும், கல்யாண வீட்டுக்குச் செல்வதாயினும் புறப்படுவது ஒரு தம்பதியும் இரு பிள்ளைகளும் அல்லர்; ஒரு வளவே புறப்படுகின்றது. சந்தைப்படுத்துநர்களின் விளம்பரப் படங்களில் வரும் நால்வர் குடும்பம் நம் அயலில் இல்லையென்று நாம் கூறவில்லை. பெருநாளன்று அக்குடும்பமும் மூத்தம்மாவை ஏற்றிக்கொண்டுதான் செல்லும்.

இதுவரை இத்தேவையை நிறைவேற்றி வந்தது வான். 'டொல்பின்' என்று பெயர் பெற்ற பழைய டொயோட்டா ஹையேஸ் முதல் டவுன்ஏஸ் வரை, கிழக்கின் குடும்பப் பயணங்களைச் சுமந்தவை அவையே. இன்று அவை முதுமையடைந்துவிட்டன. அவற்றின் விலையோ முதுமையடையவில்லை. 2022இல் எரிபொருள் வரிசைகளில் இரவு பகலாகக் காத்திருந்ததையும், கியூ.ஆர். முறை தொடங்கியபோது வாரமொன்றுக்கு வானுக்கு 20 லீற்றர் என வரையறுக்கப்பட்டதையும் மக்கள் மறந்துவிடவில்லை. வீட்டுக் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தியவர்கள் மின்சார வாகனத்தை நாடுவதில் வியப்பில்லை. அதே 2022இல், வெளிநாடுகளில் தொழில்புரிவோர் வங்கிகளூடாக அனுப்பிய பணத்தின் அடிப்படையில் மின்சார வாகனம் இறக்குமதி செய்ய அனுமதி வழங்கும் திட்டம் வந்ததும், வளைகுடா நாடுகளில் உழைப்போர் நிறைந்த இப்பகுதியில் அந்த ஆசை மேலும் பரவியது.

வானிலிருந்து ஜீப்புக்கு மனம் தாவியதற்கு மற்றுமொரு காரணம் வெள்ளம். மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் நீர் பாய்வதும், கல்முனைக்கும் சவளக்கடைக்கும் இடையிலான போக்குவரத்து தடைப்படுவதும் ஆண்டுதோறும் காணும் காட்சி. உயரமான வாகனம் என்றால் துணிந்து இறங்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அந்தத் துணிவு ஆபத்தானது. 2024 நவம்பர் 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் பலியானதை இப்பிரதேசம் இன்னும் மறக்கவில்லை. உழவு இயந்திரத்தை விட உயரமான ஜீப் எதுவும் காட்சியறைகளில் இல்லை.

சரி, சிறிய மின்சார வாகனத்தில் மூன்றாம் வரிசைக்கு இடமுண்டா? தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் கூறும் பதில், நீளம் போதாது என்பதாகும். அது அரை உண்மையே. இலங்கையில் பரவலாக அறியப்பட்ட பி.வை.டி. அட்டோ 3 வாகனத்தின் நீளம் 4.45 மீற்றர், ஆசனம் ஐந்து. இந்தியாவில் 2025 ஜூலையில் வெளியான கியா கேரன்ஸ் கிளாவிஸ் மின்சார வாகனத்தின் நீளம் 4.55 மீற்றர், ஆசனம் ஏழு. வேறுபாடு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் மாத்திரமே. பெற்றோலில் ஓடும் மாருதி எர்டிகாவோ அட்டோ 3 ஐ விடக் குறுகியது. அதிலும் எழுவர் அமரலாம். 4 மீற்றருக்கும் குறைந்த ரெனோ டிரைபரில்கூட, கழற்றி வைக்கத்தக்க மூன்றாம் வரிசை 2019 முதல் உண்டு. ஆக, தடை நீளத்தில் மட்டும் இல்லை. பின்புறம் சரிந்து இறங்கும் கூரை, அகன்ற சில்லு, மிடுக்கான முன்பக்கம் எனத் தோற்றத்துக்காகச் செலவிடப்படும் இடமே ஆட்களுக்கு இல்லாமற் போகின்றது. கூரையைச் சதுரமாகவும் உயரமாகவும் அமைத்தால் இடம் கிடைக்கும். ஆனால் அது வானைப் போலத் தோன்றுமே என்ற தயக்கம் விற்பவருக்கும் உண்டு, வாங்குபவருக்கும் உண்டு.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. மின்சார வாகனத்தில் மின்கலத் தொகுதி தரைக்கு அடியில் பரப்பி வைக்கப்படுவதால் தளம் உயர்கின்றது. உயர்ந்த தளத்தில் தாழ்ந்த ஆசனத்தை வைத்தால், அமர்பவரின் முழங்கால் நெஞ்சைத் தொடும். 2021இல் வந்த மெர்சிடிஸ் ஈ.கியூ.பி. 4.68 மீற்றர் நீளமானது. அதன் மூன்றாம் வரிசை 1.65 மீற்றர் உயரம் வரையானவர்களுக்கே பொருந்தும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. டெஸ்லா 'மொடல் வை' வாகனத்தில் அமெரிக்காவில் வழங்கப்பட்ட ஏழு ஆசன வசதி, சிறுவர்களுக்கே ஏற்றது என்ற விமர்சனத்துக்கு உள்ளானது. பின்னர் 2025இல் சீனாவில் அறிமுகமான ஆறு ஆசன வடிவத்துக்காக முன், பின் சில்லுகளுக்கு இடையிலான தூரத்தையே 15 சென்ரிமீற்றர் கூட்ட வேண்டியதாயிற்று. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 5 மீற்றர். பெயரளவில் இரு ஆசனங்களைப் பின்னால் திணித்துவிட்டு 'எழுவருக்கான வாகனம்' என விளம்பரம் செய்வதை நாம் ஆதரிக்கவில்லை.

பாதுகாப்பு விடயம் இதனினும் பாரதூரமானது. சிறிய வாகனத்தின் கடைசி வரிசையில் அமர்பவரின் தலைக்கும் பின்கதவுக் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண்கூட இராது. பின்னாலிருந்து லொறி மோதினால் அந்த ஒரு சாண்தான் அவருக்கு அரண். பக்கவாட்டுக் காற்றுப் பை மூன்றாம் வரிசை வரை நீள்கின்றதா, அங்கு தோளைக் கடக்கும் மூன்று முனை ஆசனப்பட்டி உண்டா என்று விசாரிக்காமல் பிள்ளைகளை அங்கு அமர்த்தலாகாது. பாரமும் கணக்கிலெடுக்கப்பட வேண்டியதே. ஆளுக்கு 60 கிலோகிராம் என்று கொண்டாலும் எழுவருக்கு 420 கிலோகிராம். மின்கலத்தால் ஏற்கெனவே பாரமேறிய சிறிய வாகனத்துக்கு, பயணப் பைகளையும் ஊரிலிருந்து கொண்டு செல்லும் அரிசி மூட்டையையும் சேர்த்தால், அனுமதிக்கப்பட்ட சுமையைத் தாண்டிவிடும்.

ஆயினும், ஒப்பிட வேண்டியது எதனோடு எதனை? நெருக்கமான மூன்றாம் வரிசையை விசாலமான ஆசனத்தோடு ஒப்பிட்டால் அது குறையுடையதே. மடியில் இருக்கும் பிள்ளையோடு ஒப்பிட்டால்? மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் மோதி நிற்கும்போது, எந்தத் தாயின் கைகளாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த இயலாது. சாரதியும் முன் ஆசனத்தவரும் பட்டி அணிவது 2011 முதல் கட்டாயம். அதிவேக நெடுஞ்சாலைகளில் பயணிகள் அனைவரும் அணிய வேண்டுமென 2025இல் அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் ஐந்து பட்டிகள் உள்ள காரில் எட்டுப் பேர் ஏறிய பின் அச்சட்டத்தை எவ்வாறு நிறைவேற்றுவது? ஆகவேதான், முறையாக அமைக்கப்பட்ட மூன்றாம் வரிசையைச் சிறிய மின்சார வாகனங்களிலும் தயாரிப்பாளர்கள் வழங்க வேண்டும், இறக்குமதியாளர்கள் அத்தகையவற்றைத் தேடிக் கொணர வேண்டும் என்பது நமது நிலைப்பாடு.

இதில் அரசுக்கும் பங்குண்டு. மின்சார வாகனத்துக்கான உற்பத்தி வரி, மோட்டாரின் வலு எத்தனை கிலோவாட் என்பதைக் கொண்டு படிப்படியாக உயரும் வகையில் விதிக்கப்பட்டது. 2025இல் சில வாகனங்களின் மோட்டார் 100 கிலோவாட்டா, 150 கிலோவாட்டா என்ற சர்ச்சையில் சுங்கத்தினர் அவற்றைத் தடுத்து வைத்ததும், விவகாரம் நீதிமன்றம் வரை சென்றதும் வாசகர்கள் அறிந்ததே. 60 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட பெறுமதிக்கு ஆடம்பர வரியும் சேர்ந்தது. இவற்றுள் எதுவும் வாகனம் எத்தனை பேரைச் சுமக்கின்றது என்று கேட்கவில்லை. எழுவரை ஏற்றி ஹசலக்கவுக்கு அப்பால் பதினெட்டு வளைவு ஏற வேண்டிய வாகனத்துக்குச் சற்று வலுவான மோட்டாரும் பெரிய மின்கலமும் தேவை. அதனால் அது உயர்ந்த வரிப் படிக்குள் விழுகின்றது. இருவர் மட்டும் பயணிக்கும் சிறிய ஜீப் குறைந்த வரியுடன் தப்பிக்கொள்கின்றது. வருமானத்துக்கு வாகன வரியையே பெரிதும் நம்பியிருக்கும் திறைசேரியிடம் வரியை நீக்குமாறு கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதை நாம் அறிவோம். ஆறு, ஏழு ஆசனங்களுக்கும் பட்டியும் காற்றுப் பையும் கொண்ட மின்சார வாகனங்களுக்கு ஒரு படி சலுகை அளிப்பது அத்தனை பெரிய இழப்பாகாது.

வாங்க எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. 2014, 2015 காலத்தில் வந்த பழைய நிசான் லீஃப் வாகனங்களின் மின்கலம் நம் வெப்பத்தில் தளர்ந்த பின், மட்டக்களப்புக்குச் சென்று திரும்புவதே கவலையாக இருந்ததைப் பலர் கண்டனர். கேரன்ஸ் கிளாவிஸின் பெரிய மின்கலத்துக்கு இந்தியச் சோதனையில் 490 கிலோமீற்றர் என்று சான்றளிக்கப்பட்டுள்ளது. எழுவரும் குளிரூட்டியும் மலையேற்றமும் சேர்ந்தால் அத்தொகை குறையும். கொழும்போ 300 கிலோமீற்றருக்கு அப்பால். வழியில் எங்கு மின்னேற்றுவது என்பதை முற்பணம் கட்டுமுன் தீர்மானித்துக்கொள்வது நன்று. காட்சியறைக்குத் தனியே செல்லாதீர்கள். மூத்தம்மாவையும் அழைத்துச் சென்று, கடைசி வரிசையில் அமரவைத்து, கதவை மூடி, குளிர்காற்று அவரது முகம் வரை வருகின்றதா என்றும் எவரது உதவியுமின்றி அவரால் இறங்க முடிகின்றதா என்றும் பாருங்கள்.