பின்வயலையும் காட்டுக

உழவர் மன்றக் கூட்டங்களில் சொற்பொழிவுக்குக் குறைவில்லை. ஆயினும், அண்மையில் ஒரு மன்றத்தார் கூட்டம் முடிந்ததும் அங்கத்தினர் ஒருவரது வயலுக்கே நம்மையும் அழைத்துச் சென்றது வரவேற்கத்தக்கது.

அது செம்மை நெல் சாகுபடி வயல். ஏக்கருக்கு 3 கிலோ விதை. 14 நாள் நாற்று. குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர நடவு. சாலையோரப் பயிர் தூர்கட்டிச் செழித்திருக்கக் கண்டு யாவரும் மகிழ்ந்தோம். அவ்வளவில் திரும்பியிருப்போம். "பின்வயலை ஏன் தம்பி காட்டவில்லை?" என்று பெரியவர் ஒருவர் வினவினார்.

சற்றுத் தயங்கியே அவர் அழைத்துச் சென்றார். அங்கே பயிரினும் களையே மிகுதி. இம்முறையில் நீரைத் தேக்கி வைப்பதில்லை. ஆதலால் களை விரைந்து முளைக்கும். நட்ட 10-ஆம் நாள் தொடங்கி, பத்து நாளுக்கொரு முறை கோனோவீடர் என்னும் களைக்கருவியை ஓட்டியே ஆகவேண்டும். மன்றத்துக்கு உள்ளதோ ஒரே கருவி. அது அச்சமயம் வேறோர் அங்கத்தினர் வீட்டில் கிடந்ததாம். கேட்க இவர் கூசினாராம்.

முன்வயல் அளித்தது மகிழ்ச்சி. பின்வயல் அளித்ததே படிப்பினை. ஒருவர் மறைக்கும் நட்டத்தை அடுத்த பட்டத்தில் அயலார் அடைவர். பாவு பழுதானதை மறைக்கும் நெசவாளர்க்கும் இது பொருந்தும்.

1904-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடனுக்கெனத் தொடங்கிய இயக்கம் நம்முடையது. கடனுக்கு ஏடு வைத்த நாம் கருவிக்கும் ஓர் ஏடு வைப்போம். நடவு நாள் வரிசைப்படி அதனை வழங்குவோம். அங்கத்தினர் எவரும் தம் உரிமையைக் கேட்கக் கூசலாகாது.